எண்ணெய் தோண்டுகிறவனே இன்ஸ்பெக்டரா?



2021 மே 17. டவ்தே புயல் மும்பைக் கரையை அறைந்த நாள். நாம் கூரைத் தகரம் பறந்துவிடாமல் கல் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், கரையிலிருந்து மேற்கே வெகு தூரத்தில், பம்பாய் ஹை எண்ணெய் வயல் பகுதியில் பி-305 என்ற பார்ஜில் 261 பேர் இருந்தார்கள். எண்ணெய் மேடைகளில் பராமரிப்பு வேலை செய்யக் கொண்டுபோன ஆட்கள் தங்கும் பார்ஜ் அது. அதற்குச் சொந்த இயந்திரம் கிடையாது. நங்கூரம்தான் பிரேக், டக் படகுதான் இன்ஜின். நங்கூரங்கள் அறுந்தன. ஆளில்லாத ஒரு எண்ணெய் மேடையில் போய் மோதி, அடி கிழிந்து, மூழ்கிப் போயிற்று. அதே கடலில் வரப்பிரதா என்ற டக் படகும் மூழ்கியது; அதிலிருந்த 13 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். இரண்டிலுமாக 86 உயிர். கடற்படை ஜவான்கள் அந்த அலையில் இறங்கியிராவிட்டால் இந்தக் கணக்கு எங்கே போய் நின்றிருக்குமோ! ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் உடல்களைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாமல், இரத்தம் கொடுத்து டி.என்.ஏ. சோதனைக்குக் காத்துக் கிடந்தன குடும்பங்கள்.

மீனவர்களைக் கரைக்குத் திரும்பச் சொல்லி வானிலை இலாகா சில நாட்கள் முன்பே எச்சரித்துவிட்டது. கட்டுமரக்காரன் காதில் விழுந்தது, கோடிக்கணக்கில் கான்ட்ராக்ட் எடுத்தவன் காதில் விழவில்லையா? கேட்டபோது ஓ.என்.ஜி.சி. கான்ட்ராக்டரைக் காட்டியது, கான்ட்ராக்டர் பார்ஜ் கேப்டனைக் காட்டினார். போலீஸும் கேப்டன் மேல் வழக்குப் போட்டது. கேப்டன் கடலோடு போய்விட்டார். செத்தவன் வாய் திறக்கமாட்டான் என்பது எல்லோருக்கும் எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

பெட்ரோலிய அமைச்சகம் உடனே ஒரு கமிட்டி போட்டது. மூன்று பேர். கப்பல் துறைத் தலைமை இயக்குநர் ஒருவர், பாதுகாப்பு அமைச்சக அதிகாரி ஒருவர், மூன்றாமவர் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநர். இந்த மூன்றாமவர் யார்? பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே வேலை பார்க்கிறவர். தொழிலாளி தரப்பில் ஒரு ஆளும் இல்லை. ஒரு மாதத்தில் அறிக்கை தரச் சொன்னார்கள். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைக் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்?

நான் இங்கே சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். நம் நாட்டில் எண்ணெய்க் கம்பெனியின் முதலாளியும், எண்ணெய் எடுக்க லைசென்ஸ் கொடுக்கிறவனும், கடலில் ஆள் பாதுகாப்பாக இருக்கிறானா என்று பார்க்கிறவனும் ஒரே வீட்டுக்காரர்கள். அந்த வீட்டின் பெயர் பெட்ரோலிய அமைச்சகம். இந்த ஏற்பாடு இருக்கும் வரை பி-305 போல இன்னொன்று மூழ்கும். மறுபடியும் ஒரு கமிட்டி உட்காரும்.

விவரமாகச் சொல்கிறேன். பம்பாய் ஹையில் சாகர் சாம்ராட் ரிக் எண்ணெயைக் கண்டது 1974-ல். 1976-லிருந்து எண்ணெய் வருகிறது. கடலில் எண்ணெய் எடுப்பதற்கென்று தனிப் பாதுகாப்பு விதிகள் வந்தது எப்போது? 2008-ல்! முப்பத்திரண்டு வருஷம் எண்ணெய் வந்தது, விதி வரவில்லை. அதுவும் சும்மா வரவில்லை. 2005 ஜூலை 26-ல் மும்பை வெள்ளத்தில் முழுகியதை நாம் மறக்கமாட்டோம். மறுநாள் 27-ஆம் தேதி கடலில் நடந்தது பலருக்கு நினைவில் இருக்காது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவனுக்குக் கடல் செய்தி எங்கே எட்டும்? சமுத்திர சுரக்ஷா என்ற கப்பல், காயம்பட்ட ஒரு ஊழியரை மேடைக்கு ஏற்றுவதற்காக பம்பாய் ஹை வடக்கு மேடையை நெருங்கியது. கொந்தளிப்பில் கப்பல் மோதி, கடலடியிலிருந்து எரிவாயு ஏறிவரும் குழாய் உடைந்தது. தீ பிடித்தது. சில மணி நேரத்தில் அந்த மேடையே இல்லாமல் போயிற்று. 22 பேர் செத்தார்கள். எரிவாயுக் குழாய் இருக்கும் பக்கம் கப்பல் இடித்தால் என்ன ஆகும் என்று மேடை கட்டும்போதே கேட்க ஒரு வெளியாள் இருந்திருக்கவேண்டும். இல்லை. 22 பிணம் விழுந்து, அதற்குப் பிறகும் மூன்று வருஷம் கழித்துத்தான் விதி வந்தது.

சரி, விதியை அமல் செய்ய யாரை வைத்தார்கள்? ஆயில் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்தை. 1986-ல் ஏற்பட்ட ஸ்தாபனம். பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் பெரும்பாலும் எண்ணெய்க் கம்பெனிகளிலிருந்து டெபுடேஷனில் வருகிறவர்கள். தொழில் தெரிந்தவர்கள்தான், கெட்டிக்காரர்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டெபுடேஷன் முடிந்தால் எங்கே போவார்கள்? வந்த கம்பெனிக்கே. பிரமோஷன் அங்கே, பென்ஷன் அங்கே. நாளைக்குத் தன் மேலதிகாரியாக உட்காரப் போகிறவனை இன்றைக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற யாருக்கு மனம் வரும்? தனி மனிதனின் யோக்கியதை பற்றி நான் பேசவில்லை. நாற்காலியைப் பற்றிப் பேசுகிறேன்.

கரையில் தோண்டும் கிணறுகளுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கு அதிகாரம். அது தொழிலாளர் அமைச்சகத்தைச் சேர்ந்தது. அந்த அளவுக்கு ஏற்பாடு சரி. ஆனால் நாட்டிலுள்ள நிலக்கரிச் சுரங்கம், உலோகச் சுரங்கம் எல்லாம் அதன் தலையில்தான். போதாததற்கு மண்ணுக்கும் தண்ணீருக்கும் காவலாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள். இவர்கள் லட்சணம் அஸ்ஸாமில் வெளுத்தது.

பாக்ஜான் என்பது தின்சுகியா மாவட்டத்து ஊர். பக்கத்தில் டிப்ரு சைகோவா தேசியப் பூங்கா, மாகுரி பீல் என்ற பெரிய ஏரி. 2020 மே 27, நாடே ஊரடங்கில் கிடந்தபோது, ஆயில் இந்தியாவின் 5-ஆம் எண் கிணறு பொங்கியது. கிணறு எப்படிப் பொங்கும் என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். பூமிக்கடியில் எரிவாயு பயங்கர அழுத்தத்தில் இருக்கிறது. கனமான சேற்றுக் கலவையை ஊற்றி அதை அமுக்கி வைக்கிறார்கள். அதையும் மீறினால் தடுக்கக் கிணற்றின் வாயில் ஒரு பெரிய இரும்பு அடைப்பு, புளோ-அவுட் பிரிவென்டர் என்பது. பாக்ஜானில் பழுது பார்க்கும்போது அந்த அடைப்பைக் கழற்றிய வேளையில்தான் பொங்கிற்று. ஆவி அடங்குமுன் குக்கரைத் திறந்தது போல! அங்கேயும் வேலை கான்ட்ராக்ட். ஜூன் 9-ல் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்து ஜனங்கள், வீடு வாசல், பாக்கு மரம், மாடு கன்று எல்லாம் விட்டுவிட்டு முகாமுக்கு ஓடினார்கள். தீ முழுதும் அடங்கியது நவம்பர் 15-ல். ஐந்தரை மாதம்!

இனி வேடிக்கையைக் கேளுங்கள். தண்ணீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இவற்றின் கீழ் வாங்கவேண்டிய அனுமதியை வாங்காமலேயே அங்கே வேலை நடந்திருக்கிறது என்று அஸ்ஸாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஜூன் மாதம் கண்டுபிடித்து, வயலை மூடு என்று நோட்டீஸ் விட்டது. இத்தனை வருஷம் அனுமதி இல்லாத கிணறு வாரியத்தின் கண்ணில் படவில்லை. நெருப்பு வெளிச்சத்தில்தான் பட்டது. போகட்டும், அந்த நோட்டீஸாவது நின்றதா? சில நாட்களிலேயே வாபஸ். கரையில் எடுக்கும் எண்ணெய்க்கு ராயல்டி மாநில சர்க்காருக்குப் போகிறது என்பதையும் இங்கே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் சொந்த இலாகாவுக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் குமாஸ்தா. ரயில்வே நிர்வாகத்தைப் புகழ இந்தப் பேனாவுக்குப் பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் நம் முன்னோர் செய்துவைத்த ஏற்பாட்டை எண்ணெய்க்காரர்கள் முகத்தில் வீசவேண்டியிருக்கிறது. ரயில் கவிழ்ந்து ஆள் செத்தால் விசாரிக்கிறவர் ரயில்வே பாதுகாப்பு கமிஷனர். அவர் எந்த அமைச்சகத்தின் ஆள்? ரயில்வே அமைச்சகம் என்று சொல்வீர்கள். கிடையாது! விமானப் போக்குவரத்து அமைச்சகம். இது ஏதோ குளறுபடி என்று சிரிக்கிறவர்கள் உண்டு. குளறுபடி இல்லை, வேண்டுமென்றே செய்தது. ரயில் ஓட்டுகிறவனுக்குக் கீழ்ப்பட்டவன் ரயில் விபத்தை நேர்மையாக விசாரிக்க முடியாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே கண்டு, 1941-ல் ரயில்வே போர்டின் பிடியிலிருந்து பிரித்துவிட்டார்கள். 1967 முதல் விமானத் துறையோடு இருக்கிறது. புதுப் பாதை போட்டால், அவர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளாமல் பாஸெஞ்சர் வண்டி ஓடாது. விபத்து நடந்தால் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, தெரிந்தவர்கள் யாரானாலும் வந்து சாட்சி சொல்லலாம் என்று கூப்பிடுகிறார். கேங்மேனும் போய்ச் சொல்லலாம், கடலை விற்கிற பையனும் சொல்லலாம். கமிஷனர் வருகிறார் என்றால் டிவிஷன் ஆபீஸில் எப்படித் தூசி தட்டுகிறார்கள் என்று எங்களைக் கேளுங்கள்!

2023 ஜூன் 2, பாலசோர். சென்னைக்கு வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290 பேருக்கு மேல் போனார்கள். நாச வேலை என்று பேச்சுக் கிளப்பிவிட்டவர்கள் இருந்தார்கள். கமிஷனர் விசாரித்து, சிக்னல் வயரிங் மாற்றிய வேலையில் ரயில்வேயின் சொந்த சிக்னல் இலாகா செய்த தவறே காரணம் என்று எழுதினார். வெளியாளாக இருந்ததால் எழுத முடிந்தது. இந்தக் கமிஷனர் சிபாரிசுகளை நிர்வாகம் அலமாரியில் தூங்கவைப்பதும் உண்டு, அது வேறு சண்டை, அதை நாங்கள் போடுகிறோம். பி-305 மூழ்கியபோது இப்படி ஒரு ஆள் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, தப்பி வந்த வெல்டரைக் கூப்பிட்டு, "நங்கூரம் எந்த நிலையில் இருந்தது? உயிர் காக்கும் தெப்பங்கள் சரியாக இருந்தனவா?" என்று பகிரங்கமாகக் கேட்டிருந்தால், செத்த கேப்டன் தலையில் கட்டிவிட்டுப் போக முடிந்திருக்குமா?

மேல்நாட்டுக்காரன் நமக்கு வேதம் இல்லை. ஆனால் அவன் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் படித்தாவது தெரிந்துகொள்ளலாம். 1988 ஜூலை 6-ல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் செத்தார்கள். கல்லன் பிரபு என்ற நீதிபதி விசாரித்து 1990-ல் அறிக்கை தந்த பிறகு, கடல் எண்ணெய்ப் பாதுகாப்பை எரிசக்தி இலாகாவின் கையிலிருந்து பிடுங்கி, தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கும் ஸ்தாபனத்திடம் கொடுத்தது பிரிட்டன். அமெரிக்காவில் 2010-ல் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் செத்த பிறகு, ராயல்டி வசூலையும் லைசென்ஸையும் பாதுகாப்பையும் ஒன்றாக வைத்திருந்த இலாகாவை மூன்றாக உடைத்தார்கள். முதலாளித்துவ நாடுகளே இதைச் செய்துவிட்டன. நாம்?

நாம் வேறு திசையில் போகிறோம். 2020 ஜனவரியில், எண்ணெய் இருக்கிறதா என்று தேடித் தோண்டும் கிணறுகளுக்கு ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டியதில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது. காவிரி டெல்டாவில் நம் ஜனங்கள் கொதித்தது இதற்குத்தான்; கதிராமங்கலத்தில் 2017-ல் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் நின்றதைப் பார்த்தவர்கள் அவர்கள். அடுத்த மாதமே தமிழ்நாட்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதுக் கிணறுக்குத் தடை. ஏற்கனவே இருக்கும் கிணறுகளுக்கு அந்தச் சட்டம் கை வைக்கவில்லை. அதன் பிறகு 2025-ல் பழைய 1948-ஆம் வருஷத்து எண்ணெய் வயல் சட்டத்தைத் திருத்தினார்கள். பழைய சட்டத்தில் விதி மீறினால் ஆறு மாதம் ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம். ஆயிரம் ரூபாய் கேலிக்கூத்துதான், ஒப்புக்கொள்கிறேன். புதிய சட்டத்தில் அபராதம் 25 லட்சம் வரை போகும். ஆனால் ஜெயில் போய்விட்டது. தவறு நடந்ததா என்று தீர்மானிப்பவர் மத்திய அரசு நியமிக்கும் அதிகாரி. அபராதம் கம்பெனிக் கணக்கில் ஒரு செலவு. ஜெயில் என்றால் அதிகாரி தானே போய்ப் படுக்கவேண்டும். இந்த வித்தியாசம் சட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா?

"ஓ.என்.ஜி.சி. பொதுத்துறை, ஜனங்களின் சொத்து, நீங்கள் இப்படி எழுதினால் தனியார் முதலாளிக்கு லாபம்" என்று நம் தொழிற்சங்கத் தோழர்களே சிலர் சொல்கிறார்கள். அவர்களோடு எனக்கு நேர்ச் சண்டை உண்டு. பாதிக்கு மேல் பங்கு அரசாங்கத்திடம் இருக்கிறது என்பதால் தண்ணீரில் மூழ்குகிறவன் மிதந்துவிடுவானா? பொதுத்துறை என்று நாம் மார்தட்டும் இடத்தில் மேடை மட்டும்தான் பொதுத்துறை. மேடையில் துரு சுரண்டுகிறவன் கான்ட்ராக்டரின் சப்-கான்ட்ராக்டரின் ஆள். தனியார் கம்பெனியும் கடலில் தோண்டுகிறது; அதைத் தட்டிக் கேட்கவும் வெளியிலிருந்து ஒரு கமிஷனர் வேண்டும். பொதுத்துறையைக் காப்பாற்ற நினைக்கிறவன்தான் முதலில் இதைக் கேட்கவேண்டும். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஆகவே அவசரம் என்கிறார்கள். அவசரம் என்று சிவப்பு சிக்னலைத் தாண்டுகிற டிரைவரை ரயில்வே என்ன செய்யும் தெரியுமல்லவா?

நம் கோரிக்கை இதுதான். கடலிலும் கரையிலும் எண்ணெய், எரிவாயு வேலைக்குப் பாதுகாப்புக் கமிஷன் ஒன்று, பெட்ரோலிய அமைச்சகத்துக்கு வெளியே, பார்லிமெண்ட் சட்டத்தின் மூலம் வேண்டும். அதன் விசாரணை திறந்த கதவோடு நடக்கவேண்டும், அறிக்கை அச்சாகி வெளிவரவேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவரும் உத்தரவைப் போடும் அதிகாரம் அதற்கே இருக்கவேண்டும். கான்ட்ராக்டரின் வாடகைக் கணக்குக்கு விடக்கூடாது. மாநில மொழிகளில் புகார் எழுதினால் வாங்கிக்கொள்ளவேண்டும்.

சட்டம் வரும் வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று உண்டு. கடலுக்குப் போகும் பிள்ளையின், அண்ணன் தம்பியின் வேலைக் கடிதம், கேட் பாஸ், பி.எஃப். எண், போகும் பார்ஜ் அல்லது ரிக்கின் பெயர், கான்ட்ராக்டர் பெயர், அவருக்கு மேலே இருக்கும் பெரிய கம்பெனியின் பெயர் எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் ஒன்று வையுங்கள். இன்னொரு நகலை ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸில் கொடுத்துவிடுங்கள். தாய்மார்கள் வந்தாலும் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள்; அதுவரை எனக்கு டியூட்டி.