மானுக்குத் தொட்டி வேண்டா, புல்வெளி வேண்டும்

கோடை தொடங்கியதும் சிஞ்ச்வட்டில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு காணொளி வலம்வந்தது. பழைய பலகைகளை அறுத்து, நான்கு கால்களும் சாய்வுக் கூரையும் பொருத்தி, உள்ளே மக்காச்சோளத்தைக் கொட்டிவைக்கிறார்கள். காட்டுமான்கள் வந்து உண்கின்றன. நாமும் சில தொட்டிகள் செய்து சுபே புல்வெளியில் வைக்கலாமே என்று ஒருவர் கேட்க, பலர் பணம் தர முன்வந்தனர். அவர்களது இரக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் அந்தத் தொட்டி மானுக்கு நன்மை செய்யாது என்பதே என் கருத்து. குழுவில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

புனே மாவட்டம் பாராமதி வட்டத்தில் சுபே ஊரை ஒட்டியுள்ள மயூரேஷ்வர் வனவிலங்குச் சரணாலயம் 1997இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 5 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அங்கு வாழும் சிங்காரா மான் வறண்ட நிலத்துக்கென்றே அமைந்த உயிர். இலையிலும் புல்லிலும் உள்ள ஈரத்தையும் பனித்துளியையும் கொண்டே நெடுநாள் வாழ வல்லது. கோடை அதற்குப் புதிதன்று, மக்காச்சோளம்தான் புதிது.

மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே நார்ப்பொருளைச் செரிக்கின்றன. அவை பழகுவதற்குள் மாவுச்சத்து மிகுந்த தானியம் பெருமளவில் உள்ளே சென்றால் லாக்டிக் அமிலம் பெருகும். வயிறு நிறைந்திருக்க, மான் இறந்துபோகவும் கூடும்.

அடுத்தது நோய். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1990களில் காட்டுமான்களிடையே மாட்டுக் காசநோய் நிலைபெற்றது. மக்கள் குவித்துவைத்த தீனியைச் சுற்றி மான்கள் நெருங்கிக் கூடியதை ஆய்வாளர்கள் அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டனர். சுபே போன்ற நிலத்தில் ஆடுமாடுகளும் அதே தொட்டியில் வாய்வைக்கும். கோமாரி போன்ற நோய்கள் இருதிசையிலும் பரவ அது வழியாகும். நாள்தோறும் ஒரே இடத்தில் தீனி கிடைத்தால் மான் அங்கே வரும். அது வரும் நேரத்தைத் தெருநாயும் அறிந்துகொள்ளும், வேட்டைக்காரனும் அறிந்துகொள்வான்.

மொழியியல் படித்தவனுக்குச் சட்டத்தின் சொல்வரையறைகள் மீது ஓர் ஈர்ப்பு உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் வரையறைக்குள் கொல்லுதல், பிடித்தல், பொறிவைத்தல் ஆகியவற்றோடு இரைகாட்டி ஈர்த்தலும் அடங்கும். அன்பினால் தீனி வைப்பவரை வேட்டைக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மானின் கண்ணுக்கு அன்பர் வைத்த தொட்டிக்கும் வேடன் வைத்த இரைக்கும் வேறுபாடு தெரியாது. மனித வாடையை அஞ்சுவதுதான் அதன் காப்பு. அந்த அச்சத்தை நாம் போக்கிவிட்டால், பின்பு காக்க நாம் அங்கே இருக்கமாட்டோம்.

"ராஜஸ்தானத்து பிஷ்னோய் மக்கள் மானைப் பேணவில்லையா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1730இல் கேஜர்லியில் வன்னி மரங்களைக் காக்க 363 பேர் உயிர்நீத்ததாக அம்மக்கள் போற்றுகின்றனர். பச்சை மரத்தை வெட்டாதே, உயிரைக் கொல்லாதே என்பவை அவர்கள் நெறிகள். தாயிழந்த குட்டியை அவர்கள் வளர்ப்பதும் உண்டு. ஆயினும் அந்நெறியின் அடிப்படை, மான் வாழும் நிலத்தை மானுக்கு விட்டுவைப்பதே.

நாம் செய்யத் தவறுவதும் அதுவே. மராத்தியில் இத்தகைய புல்வெளிக்கு 'மாள்ரான்' என்று அழகிய சொல் இருக்கிறது. அரசின் நிலக்கணக்கிலோ இத்தகைய நிலம் பெரிதும் தரிசு, பயனற்ற நிலம் என்ற தலைப்புகளின்கீழ் வருகிறது. 'தரிசு' என்று எழுதியபின் அங்கே தொழிற்பேட்டை வருவதற்கோ, புல்லை அழித்து மரம் நடுவதற்கோ யாரும் தயங்குவதில்லை. சிங்காராவும் ஓநாயும் தங்கர் இடையர்களின் ஆடுகளும் வாழும் நிலம் ஒரு சொல்லால் வெறுமையாகிவிடுகிறது. மராத்தியில் 'சிஞ்ச்' புளி, 'வட்' ஆல். இரு மரங்களைப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டு தொழிற்சாலைகளால் நிறைந்த ஊரில் இருப்போர்க்கு இது விளங்காததன்று.

எனவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: பலகைக்குச் சேர்த்த பணத்தை அதற்குச் செலவிட வேண்டா. சுபேக்குச் செல்வோர் உணவுப் பொட்டலங்களையும் ஞெகிழிப் பைகளையும் திரும்பக் கொண்டுவரட்டும்; நாய்களை ஈர்ப்பது அந்தக் குப்பைதான். சுற்றியுள்ள ஊர்களில் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் அளிக்கும் பணிக்கு அந்தப் பணம் போகட்டும். புல்வெளியில் மரம்நடு விழா என்று அழைப்பு வந்தால், "இது காடன்று, புல்வெளி, இப்படியே இருக்கட்டும்" என்று ஒருவரேனும் எழுந்து சொல்லட்டும். மானுக்கு உணவளிக்க அதுவே நேரிய வழி.