மலிவுப் பயணத்தின் கணக்கு

கீழக்குயில்குடி சமணமலையின் அடிவாரத்தில், தாமரைக் குளத்துக்கும் அய்யனார் கோயிலுக்கும் நடுவிலுள்ள ஆலமரத்தடியில் அமர்ந்து சென்ற மாதம் நண்பர்கள் நால்வர் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ பசிபிக் பெருங்கடலுக்குப் போய்விட்டது. தோளில் ஒரு பையும் சுருட்டிய கூடாரமும் மட்டும் கொண்டு எரிமலைத் தீவொன்றில் ஒரு மாதம் சுற்றிவந்த இளைஞர் ஒருவரின் அனுபவக் குறிப்பை எங்களில் ஒருவர் வாசித்திருந்தார். தங்குவதற்குக் காசில்லை, சாப்பாடு ஊரார் கொடுத்தது, கரும்பாறைமேல் உறக்கம், மொத்தச் செலவு இவ்வளவுதான் என்று கடைசியில் ஒரு கணக்கு. கேட்டதும் எங்களுக்குப் பொறாமை வந்தது உண்மை. அந்தப் பொறாமை அடங்கியபின் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். பயணி கொடுக்காத காசை யார் கொடுத்தார்கள்?

இதைப் பிறரைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எங்கள் குறிப்பேட்டிலேயே அந்தப் பிழை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அரிட்டாபட்டிக்கு நடக்கப் போயிருந்தோம். வெயில் ஏறிவிட்ட நேரத்தில் ஊர்க்கார அம்மா ஒருவர் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்து, கூழும் மோரும் கொடுத்தார். காசு நீட்டியபோது, "தண்ணி குடுத்ததுக்கெல்லாம் துட்டு வாங்குவாகளா?" என்று சிரித்துவிட்டார். ஊர் திரும்பியதும் வழக்கம்போல் செலவுகளை எழுதினோம். பேருந்துக் கட்டணம் இன்னது, தேநீர் இன்னது. 'மதிய உணவு' என்பதற்கு எதிரே 'செலவு இல்லை' என்று எழுதி, அதில் ஒரு பெருமிதமும் கொண்டோம். அந்தக் கூழுக்குரிய தானியமும், அதைக் காய்ச்சிய விறகும், அவருடைய அரைநாளும் எங்கள் கணக்கில் ஏறவேயில்லை.

பணமின்றிப் பயணம் செய்வது மதுரைக்குப் புதிதன்று. இம்மலைகளுக்கு முதலில் வந்து தங்கியவர்கள் எதையும் உடைமையாகக் கொள்ளாத சமணத் துறவிகள். மீனாட்சிபுரத்து ஓவாமலையில், மாங்குளம் கல்வெட்டுகள் என்று வழங்கும் தமிழ்-பிராமி எழுத்துகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். கி.மு. 2-ஆம் நூற்றாண்டளவினவாகக் கருதப்படும் அவ்வெழுத்துகள் என்ன சொல்கின்றன? கணி நந்தன் என்னும் துறவியைக் குறிப்பிடுகின்றன. அவருக்கு உறைவிடம் செய்வித்த நெடுஞ்செழியனின் பணியாளனைக் குறிப்பிடுகின்றன. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரைக் குறிப்பிடுகின்றன. படுக்கையில் படுத்தவரின் பெயரோடு அதை வெட்டக் கொடுத்தவரின் பெயரும் பாறையில் நிற்கிறது. சமணமலையின் பேச்சிப்பள்ளத்திலும் அப்படியே. தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே வட்டெழுத்தில் இருப்பவை அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். எதுவும் வேண்டாம் என்று வந்தவர்களுக்கும் யாரோ செலவு செய்தார்கள். செய்தவர் இன்னார் என்று அக்காலத்தில் எழுதியும் வைத்தார்கள். நம் பயணக் குறிப்புகளில் விடுபடுவது அந்த வரிதான்.

எரிமலைத் தீவுக்கே போவோம். சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராப்பா நுய்யை ஈஸ்டர் தீவு என்றால் நமக்கு எளிதில் விளங்கும். அங்கே எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லில் வடித்த மோவாய் சிலைகளைப் படத்திலாவது காணாதவர் குறைவு. அத்தீவின் மக்களில் ஏறத்தாழ 1,500 பேரை 1862-63-இல் பெருவிலிருந்து வந்த கப்பல்கள் அடிமைகளாகப் பிடித்துச் சென்றன. அதன் பிறகு நெடுங்காலம் வந்தவர் போனவரெல்லாம் அத்தீவைத் தம் விருப்பப்படி பயன்படுத்தினார்கள். 2008-இல் ஒரு சுற்றுலாப் பயணி சிலையொன்றின் காதை உடைத்து எடுத்து அகப்பட்டுக்கொண்டார். 2017-இல் தீவின் தேசியப் பூங்காவை நிர்வகிக்கும் பொறுப்பு அம்மண்ணின் மக்களது அமைப்புக்கு வந்தது. 2018 முதல் வெளியார் 30 நாட்களுக்கு மேல் தங்க முடியாது; பதிவு பெற்ற விடுதியில் இடமோ, தீவுவாசி ஒருவரின் அழைப்போ காட்டியாக வேண்டும். சாகசப் பயணிக்கு இது தடையாகத் தோன்றலாம். எங்களுக்கோ, விருந்தோம்புகிறவர் தம் செலவைத் தாமே கணக்கில் எழுதத் தொடங்கிவிட்டார் என்றே தோன்றுகிறது.

பசிபிக்கின் எரிமலைத் தீவுகளுக்குச் செலவில்லாமல் போன தமிழர்களும் உண்டு. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தென்னிந்தியர் ஏறத்தாழ 15,000 பேர். கப்பல் கட்டணத்தை அவர்கள் கொடுக்கவில்லை. ஐந்தாண்டு உழைப்பால் கொடுத்தார்கள். அவர்களில் யாரும் நமக்கொரு பயணநூல் எழுதித் தரவில்லை. 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதிதான், பின்னாளில் அத்தீவின் பெண்களுக்காகப் பாடினார். அவர் தீவைக் கண்டதில்லை. கண்டு திரும்பும் பலர் கேட்காத அழுகையை அவர் இங்கிருந்தே கேட்டார். பயணம் என்பது எங்கே போனோம் என்பதைப் பொறுத்ததன்று, யாரைக் கண்டோம் என்பதைப் பொறுத்தது என்று நாங்கள் எண்ணுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மீண்டும் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு வாழும் அம்மலைப்பகுதியை உள்ளடக்கிய நிலத்துக்கு 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம்வரை நடந்தார்கள். அதே ஜனவரி 23-இல் ஏலம் கைவிடப்பட்டது. அண்மைக் காலத்தில் இச்சமவெளியில் நிகழ்ந்த மிகப் பெரிய பயணம் எதுவென்று கேட்டால், அந்த நடையையே சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏறி இறங்க மலை மிச்சமிருப்பது அவர்கள் நடந்ததால்தான். அதுவும் எங்கள் கணக்கில் ஏறாத செலவு.

ஆகவே மலிவாகப் பயணம் செய்யவேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. காசுள்ளவனுக்கு மட்டும்தான் உலகம் என்றாகிவிட்டால் நம்மில் பலர் பெரியார் பேருந்து நிலையத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். நாங்கள் சொல்வது வேறு. குறைவாகச் செலவழிப்பவர் பிறர் கொடையில் அதிகம் வாழ்கிறார். எனவே அவருக்கே கடமையும் அதிகம். போகும் ஊரின் கடையில் வாங்கித் தின்பதும், வழிகாட்ட வருகிறவருக்கு அவர் கேட்காமலே கூலி கொடுப்பதும் அக்கடமையின் தொடக்கம். ஊரார் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கால்வைக்காமல் திரும்புவதும் அதில் சேரும். சமணப் படுக்கைகளின்மேல் சுண்ணாம்பாலும் உளியாலும் தங்கள் பெயரைப் பொறித்தவர்களைப் பார்க்கும்போது, ராப்பா நுய்யில் காதை உடைத்தவர் அந்நியராகத் தோன்றவில்லை. பாறையில் எழுதத் தகுந்த பெயர் கொடுத்தவருடையது என்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அந்தப் பழைய குறிப்பேட்டை அன்று மாலை வீடு திரும்பியதும் எடுத்துப் பார்த்தோம். 'செலவு இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'கூழும் மோரும், அரிட்டாபட்டி அம்மா' என்று எழுதினோம். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஞாயிறு போகும்போது கேட்க வேண்டும்.