திருடன் என்று சொல்வதற்கு முன்



சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் வணிகம் செய்யும் சகோதரர் ஒருவர், இஷா தொழுகைக்குப் பின் என்னைத் தம் கடைக்கு அழைத்தார். கல்லாவில் பணம் குறைந்திருந்தது. நாள்தோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து வந்து, பல ஆண்டுகளாக அக்கடையில் கணக்கெழுதிய ஒரு மாற்றுமதச் சகோதரரை என் முன் நிறுத்தி, "ஹஜ்ரத் முன்னால் உண்மையைச் சொல்" என்றார். தாம் எடுக்கவில்லை என்றார் அவர். கல்லாவின் மற்றொரு சாவி முதலாளியின் மைத்துனரிடம் இருந்தது. அவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்தே நிமிடங்களில் கணக்கர் வெளியேற்றப்பட்டார். அம்மாதம் அவர் உழைத்த ஊதியமும் நிறுத்தப்பட்டது. நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்காகத் தவ்பா செய்துவிட்டேன். ஆயினும் எழுத வேண்டிய கடன் மிஞ்சியிருக்கிறது.

அன்று எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டியது அந்நிஸா அத்தியாயத்தின் 105 முதல் 112 வரையிலான வசனங்கள். அவற்றின் பின்னணியைத் தஃப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. மதீனாவில் ஒரு கவசம் களவு போயிற்று. எடுத்தவர் முஸ்லிம்களோடு இருந்தவர். பழி சுமத்தப்பட்டவரோ ஒரு யூதர். குலத்தார் திரண்டு வந்து தம்மவருக்காக வாதாடினர். அப்போது இறங்கிய வசனங்கள் யூதரைக் குற்றமற்றவர் என விடுவித்தன; மோசடிக்காரருக்காக வாதாடுவதைத் தடுத்தன; தன் பாவத்தைக் குற்றமற்றவர் மீது எறிபவர் அவதூறையும் சேர்த்தே சுமக்கிறார் என எச்சரித்தன. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் இது. கடைக்குள் அமர்ந்தபோது மறந்துபோயிற்று.

"என் கடை, என் பணம், யாரைக் கேட்க வேண்டும்?" என்பர் முதலாளிகள். கேட்கத்தான் வேண்டும். 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41 ஆவது பிரிவு, ஆறு மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இன்றி நீக்கக் கூடாது என்கிறது. முறைகேட்டுக் குற்றத்திற்கு முன்னறிவிப்பு வேண்டியதில்லை; ஆனால் அதற்கென விசாரணை நடத்தி, அக்குற்றத்தைச் சாட்சியங்களோடு பதிவுசெய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ஆலைத் தொழிலாளிக்கும் இத்தகைய காப்பு உண்டு. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971 இல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, தண்டனை குற்றத்திற்கு ஏற்றதுதானா என்று எடைபோடும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்திற்கு அளித்தது.

"சட்டம் திருடனுக்கே துணை போகிறது" என்று சிலர் புலம்புகின்றனர். இது உண்மையன்று. ஹரியானாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்காத ஒரு பேருந்து நடத்துனரின் பணிநீக்கத்தை, பயணிகளை விசாரிக்கவில்லை என்ற காரணம் காட்டிக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1977 இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிர்வாக விசாரணைக்குக் குற்றவியல் வழக்கின் கடுமையான சாட்சிய விதிகள் தேவையில்லை, நம்பத்தக்க ஆதாரம் சிறிதேனும் இருந்தால் போதும் என்றது. சட்டம் முதலாளியிடம் கேட்பது அவ்வளவு எளியது. அந்த எளியதைக்கூட நாம் செய்வதில்லை.

"விசாரணை முடியும்வரை அவனையே கல்லாவில் உட்கார வைப்பதா?" வேண்டியதில்லை; தற்காலிகமாகப் பணியிலிருந்து நிறுத்திவைக்கலாம். அப்போதும் அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகவே 1981 இல் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம் வந்தது. முதல் 90 நாள்களுக்குப் பாதி ஊதியம். அதன்பின் 180 நாள்கள் வரை முக்கால் பங்கு.

இவற்றையெல்லாம் புதுமை என எண்ணாதீர்கள். ஒரு தரப்பைக் கேட்டதும் தீர்ப்பளிக்காதீர், மறுதரப்பையும் கேளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குக் கற்பித்தார்கள். ஆதாரம் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டுபவருடையது என்பதும் அவர்கள் வகுத்த நெறியே. உழைத்த நாள்களின் கூலி நம்மீதுள்ள கடன். சந்தேகத்தைக் காட்டி அதை நிறுத்துவது களவுக்குப் பதில் களவு. இமாமையும் முஅத்தினையும் ஒரே வார்த்தையில் அனுப்பிவிடும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைக் காதில் வாங்கட்டும்.

பணியாளர்களே, உங்களுக்கும் ஒரு சொல். எடுத்தது உண்மையாயிருந்தும், குறிப்பாணையில் தேதி பிழை, விசாரணையில் குறை என்று வழக்காடி வென்றால், அப்பணம் ஹலாலாகிவிடாது. வாதத்திறமையால் பிறர் உரிமையைத் தமக்குத் தீர்ப்பாகப் பெற்றவர், நெருப்பின் துண்டையே பெற்றார் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். பொறுப்பிலுள்ளவர் ஓர் ஊசியை மறைத்தாலும் அது கியானத் என்பதும் ஹதீஸே. சட்டத்தின் நுணுக்கம் உங்களை வேலையில் சேர்க்கலாம், மறுமையில் காக்காது.

முதலாளிகளே, நாளை உங்கள் கல்லாவில் பணம் குறைந்தால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள். பதில் சொல்ல அவகாசம் அளியுங்கள். சாவி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும், மைத்துனரையும் சேர்த்தே, விசாரியுங்கள். குற்றம் உறுதியானால் நீக்குங்கள். உறுதியாகாவிட்டால் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள். ஆலிம் ஒருவரை அழைத்து உட்கார வைத்துவிட்டால் அது விசாரணையாகிவிடாது.

அந்தக் கணக்கரை நான் பின்னர் தேடிச் சென்றேன். வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அவருடைய உரிமை என் கழுத்திலும் தொங்குகிறது. அடியாருக்குச் செய்த அநீதியை அடியார் மன்னிக்காதவரை அது தீராது என்பதை நாமெல்லாம் அறிவோம்.

அநீதி இழைப்பதிலிருந்தும், அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பதிலிருந்தும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.