இரவல் வானம்

புயல்மேகத்தை எட்டு-கே துல்லியத்தில், டைம்லாப்ஸ் முறையில் படமெடுப்பது ஒரு புதிய கவிதை என்று நம்மில் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பத்து வரி எழுத ஒரு வருஷம் தயங்குகிறவர்கள்கூட, நாலு நிமிஷப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் 'பிரபஞ்ச தரிசனம்' என்கிறார்கள். மதுரை நண்பர் ஒருவர், நாகமலைப் பக்கம் மொட்டைமாடியில் காமிராவை நிறுத்தி, கோடை மழைகளை எடுத்திருந்த படத்தை நானும் பார்த்தேன். எனக்குத் தரிசனம் எதுவும் வாய்க்கவில்லை.

முதலில் இந்தத் 'துல்லியம்' என்ற சொல். எட்டு-கே சட்டகம் ஒன்றில் அகலவாக்கில் 7680, உயரவாக்கில் 4320 புள்ளிகள். பெருக்கினால் 3 கோடியே 31 லட்சத்துக்கு மேல். மேகத்தின் ஒவ்வொரு மடிப்பும் பதிவாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் நண்பரின் காமிரா ஐந்து நொடிக்கு ஒரு தடவைதான் கண் திறந்தது. மணிக்கு 720 படங்கள். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் ஒரு மணி நேரம் 30 நொடியில் தீர்ந்துபோகும். இடத்தைப் பதிவதில் இத்தனை தாராளம் காட்டுகிற கருவி, காலத்தைப் பதிவதில் பரம தரித்திரம். இந்தத் தரித்திரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புள்ளிக் கணக்கை மட்டும் சொல்லிச் சொல்லி மாய்கிறோம்.

2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையில் 15 நிமிஷத்தில் 4.5 சென்டிமீட்டர் மழை பெய்ததாக அரசே அறிவித்தது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நண்பரின் கணக்கில் அந்த 15 நிமிஷம் 180 படங்கள். திரையில் ஏழரை நொடி. (ஏழரை என்ற எண்ணில் மட்டும் ஏதோ பொருத்தம் இருக்கிறது.)

உடனே 'படத்தில் மக்கள் எங்கே?' என்று கேட்கப்போகிறேன் என நினைக்க வேண்டாம். அதைக் கேட்க முற்போக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். எதைப் பார்த்தாலும் அவர்கள் கேட்பது அது ஒன்றைத்தான். செல்லூரைக் காட்டாததால் ஒரு மேகப்படம் பொய்யாகிவிடாது. காலத்தைச் சுருக்குவதும் குற்றமல்ல. யோரிஸ் ஐவன்ஸ் 1929இல் வெளியிட்ட 'மழை' படத்தில், ஆம்ஸ்டர்டாமில் பல மாதங்களாக எடுத்த பல மழைகளை ஒரே மழையாகக் கோர்த்தார். எந்தத் துளியை வைப்பது, எதைத் தள்ளுவது என்று ஒவ்வொரு துண்டுக்கும் அவர் தீர்மானம் செய்தார். நண்பர் படத்தில் அந்தத் தீர்மானத்தை எடுத்தது யார்? ஐந்து நொடிக்கு முடுக்கிவிட்ட ஒரு கருவி. வாழையைச் சாய்க்கிற காற்றுக்கும், ஒன்றும் நடக்காத அரைமணி வானத்துக்கும் அதனிடம் ஒரே அளவுகோல்.

இன்னும் ஆழமான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த உத்தி பிறந்து வளர்ந்த வானம் நம்முடையதல்ல. கான்ஸாஸ், ஓக்லஹோமா சமவெளிகளில் உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால், அங்கே எழுகிற சூப்பர்செல் மேகம் மொத்தமாகச் சுழல்கிறது. சில மணி நேரம் உயிரோடிருக்கிறது. வெறும் கண்ணுக்கு மந்தமாகத் தெரியும் அந்தச் சுழற்சி, வேகப்படுத்தினால்தான் துலங்கும். ஆகவே அங்கே உத்திக்கு நியாயம் இருக்கிறது. ஜப்பானிய இயற்பியலாளர் மஸநாவோ அபே 1920களின் பிற்பகுதியிலிருந்து ஃபூஜி மலையைச் சுற்றிய மேகங்களை இப்படி எடுத்ததற்கும் நியாயம் இருந்தது. மலை காற்றை எப்படி வளைக்கிறது என்று அவர் அறிய வேண்டியிருந்தது.

மதுரையின் கோடை மேகம் பெரும்பாலும் வேறு இனம். காய்ந்த நிலத்திலிருந்தும் மேற்கு மலைச்சரிவுகளிலிருந்தும் பிற்பகலில் எழும்பி, கோபுரமாக உயர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் தன் மழையின் பாரத்தாலேயே உட்கார்ந்துவிடும். அது சுழல்வதில்லை. ஊருக்குள் முதலில் வருவது மழைகூட அல்ல, புழுதிக்காற்று. தகரம் அதிர்கிறது, கரண்டு போகிறது, கொடியில் கிடந்த துணியை யாரோ ஓடிப்போய் அள்ளுகிறார்கள். பிறகுதான் பெரிய பெரிய துளிகள். அதுவும் வந்தால் உண்டு. திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் இடையில் மானாவாரி நிலம் வைத்திருப்பவனைக் கேட்டால், இருட்டிக்கொண்டு வந்து இடித்துவிட்டு ஒரு சொட்டுகூட விழாமல் கலைந்த மேகங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்வான்.

நண்பர் என்ன செய்தார்? சுழலாத மேகம் சுழல்வதுபோல் தோன்ற வேகத்தைக் கூட்டினார். மாலை வெளிச்சத்தை இருட்டாக்கி நீலம் பூசினார். இடியை எடுத்துவிட்டு மேற்கத்திய வாத்தியங்களைப் போட்டார். மைக் ஓல்பின்ஸ்கி என்ற அமெரிக்கர் அரிசோனாப் பாலைவனத்துப் புயல்களை எடுத்து, 'மான்சூன்' என்று பெயரிட்டு வரிசையாக வெளியிட்டிருக்கிறார். 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல் கடலோடிகள் வழியாக உலகம் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அதை, மழையோடு சேர்த்து, நாம் இப்போது இறக்குமதி செய்கிறோம். பனி விழாத ஊரில் உட்கார்ந்து பனியைப் பற்றிப் புதுக்கவிதை எழுதிய அதே வியாதிதான் இது. அன்று அதை நவீனம் என்று மெச்சியவர்கள் நாமேதான்.

உண்மையில் மதுரைக்கென்று ஒரு டைம்லாப்ஸ் சாத்தியம். ஒரே இடத்திலிருந்து மே மாசம் முழுவதும் தினம் பிற்பகல் எழும்பிக் கலைகிற மேகத்தை வரிசையாக, அலங்காரமில்லாமல் வைத்தாலே போதும். எழும்பும், கலையும். மறுநாளும் எழும்பும், கலையும். கடைசியில் ஒரு நாள் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். அந்தப் படத்தின் உருவத்தை நம் வானமே தந்துவிடும். யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டியதில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். மழை வராத மாலைகளில் எடுத்தவை இருந்தால் காட்டச் சொன்னேன். எட்டு-கே படங்கள் இடத்தை ரொம்ப அடைக்கின்றன என்றார். அவற்றையெல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிட்டாராம்.