திருகை முடுக்கினால் சுவர் நேராகிவிடாது

சென்ற இதழில் மாடுலர் கிச்சன் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதியிலேயே மூடிவிட்டேன். இரண்டாம் முறை பென்சிலும் கையுமாக உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். கட்டுரையாளர் சொல்வது இவ்வளவுதான்: சுவர் கோணல் என்பது ஆசாரிகள் கூலியை ஏற்றுவதற்குச் சொல்லும் சாக்கு. பெட்டிகள் இயந்திரத்தில் மில்லிமீட்டர் சுத்தமாக அறுபட்டு வருகின்றன. அவற்றைச் சுவரோடு ஒட்டவைத்துத் திருகை இறுக்கமாக முடுக்கினால் சரியாக உட்கார்ந்துவிடும். அதையும் மீறி இடைவெளி தெரிந்தால் சிலிகான் இருக்கிறது, பீடிங் இருக்கிறது. ஒரு சமையலறையை ஒரே நாளில் மாட்டி முடித்துவிடலாம்.

இதில் பெட்டி சுத்தமாக வருகிறது என்பது மட்டும் உண்மை. மற்ற அத்தனையும் தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் கட்டுரையாளர் இல்லை. கடன் வாங்கி வீடு கட்டி, அதற்குமேல் இன்னொரு கடன் வாங்கிச் சமையலறை போடுகிறவர். 22 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

சுவர் எப்படி எழும்புகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் அதைச் சாக்கு என்று எழுத மாட்டார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் கொத்தனார் கயிறு கட்டி நேர் பிடிப்பது ஒரு முகத்தை மட்டும்தான். சூளையில் வெந்து வரும் கல் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஒன்று சுருங்கியிருக்கும், ஒன்று வளைந்திருக்கும். ஒரு முகத்தை நேராக்கினால் அந்த வித்தியாசமெல்லாம் மறு முகத்தில் மேடும் பள்ளமுமாக வந்து நிற்கும். அதைப் பூச்சில் சரிக்கட்டுகிறார்கள். அரை அங்குலம் போதும் என்கிற பூச்சு சில இடத்தில் ஒரு அங்குலம் வரை ஏறுவது அதனால்தான். மூலைக்குள் மட்டப்பலகை முழுதாக ஓடாது. கலவை அங்கே கூடுதலாகத் தங்கி, சுவர் மூலையை நெருங்க நெருங்க முன்னால் வரும். செங்கல் கட்டு வேலைக்கான இந்தியத் தர விதிநூல், ஐ.எஸ். 2212, ஒரு மாடி உயரத்துக்குள் 3 மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் வரை தூக்கு விலகலை அனுமதிக்கிறது. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது எங்கள் கணக்கு. அதன்படி, குறை சொல்ல முடியாத சுவரே தரையிலிருந்து மேலே போவதற்குள் இரண்டு நூல் சாய்ந்திருக்கலாம். அது யாருடைய ஏமாற்றும் இல்லை. மண்ணையும் மணலையும் வைத்துக் கையால் செய்கிற பொருளின் இயல்பு.

நம் சமையலறைகளில் இதற்குமேல் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. மேடைக்கு மேலே இரண்டடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறோம். டைல்ஸும் அதன் பின்னால் உள்ள கலவையும் சேர்ந்து பூச்சைவிட அரை அங்குலமாவது முன்னால் நிற்கும். மேல் பெட்டியின் அடிப்பகுதி அந்த டைல்ஸ் விளிம்பில் முட்டும். மேற்பகுதி வெறும் பூச்சுக்கு நேராக வெற்றிடத்தில் நிற்கும். இந்த நிலையில் மேல் திருகை அவர் சொல்கிறபடி முடுக்கினால் பெட்டி அண்ணாந்து பார்க்கும். திறந்த கதவு தானாக மூடாமல் பின்னோக்கி விரிந்துகொண்டே போகும். பத்தில் ஆறேழு வீட்டில் இந்த டைல்ஸ் விளிம்பை நான் பார்க்கிறேன். ஆயிரம் சமையலறை செய்ததாக எழுதுகிறவர் ஒன்றில்கூடப் பார்க்கவில்லையா?

இனி முடுக்குகிற விஷயத்துக்கு வருகிறேன். அவர் கட்டுரையின் உயிர்நாடி அதுதான், பெரிய பொய்யும் அதுதான். பெட்டி என்பது ஐந்து பலகைகளைச் சேர்த்த கூடு. முன்பக்கம் திறந்தே இருக்கிறது. பின்பக்கம் பல கம்பெனிகளில் 6 மில்லிமீட்டர் பலகைதான். இதன் நான்கு மூலையில் மூன்று சுவரைத் தொட்டு, ஒன்று மட்டும் பள்ளத்துக்கு நேராக நின்றால், அந்த மூலைத் திருகு சுவரை இழுக்காது, பெட்டியைத்தான் இழுக்கும். பெட்டி முறுகும். முறுகிய பெட்டியில் ஷட்டர் சேராது.

தாம்பரம் பக்கம் ஓர் அடுக்கக வீட்டில் கூப்பிட்டார்கள். மேல் வரிசையில் நடுப்பெட்டியின் இரட்டை ஷட்டர் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இடது ஷட்டர் மேல்முனையில் துருத்திக்கொண்டிருந்தது, வலது ஷட்டர் கீழ்முனையில். “கீல் மட்டமான சரக்குன்னு சொல்லி ரெண்டு தடவை மாத்திட்டாங்க தம்பி. ரெண்டு தடவையும் காசு வாங்கிட்டாங்க” என்றார் அந்த அம்மா. கீலில் ஒரு குறையும் இல்லை. பாத்திரங்களை இறக்கிவைக்கச் சொன்னேன். ஷட்டரைத் தொடவே இல்லை. மேல் வலது மூலைத் திருகை மட்டும் நாலைந்து சுற்று தளர்த்தினேன். டக்கென்ற சத்தத்தோடு பெட்டி முன்னால் வந்தது. இரண்டு ஷட்டரும் ஒரே கோட்டில் நின்றன. பின்னால் விரலை விட்டுப் பார்த்தால் மூன்று நூல் பள்ளம். பள்ளத்துக்குத் தக்க கனத்தில் பிளைவுட் துண்டைப் பேக்கிங் வைத்துத் திரும்ப முடுக்கினேன். அரைமணி நேர வேலை. அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அந்தக் கதவோடு அவர் மல்லுக்கட்டியிருக்கிறார். அவருக்குக் கிடைத்ததைத்தான் கட்டுரையாளர் இன்று எல்லாருக்கும் பரிந்துரைக்கிறார்.

இன்னொன்றையும் அவர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் பெருமையாகப் பட்டியலிடும் வெளிநாட்டு உதிரிப் பாகங்களே அவர் வாதத்தை மறுக்கின்றன. ஆஸ்திரியாவின் பிளம், ஜெர்மனியின் ஹெட்டிச் போன்ற கம்பெனிகளின் கீலில் கதவை மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் நகர்த்தத் தனித்தனித் திருகு வைத்திருக்கிறார்கள். கீழ்ப் பெட்டிக்கு ஏற்றி இறக்கும் கால் வருகிறது. மேல் பெட்டியைத் தொங்கவிடும் கொக்கியிலும் உயரத்தையும் ஆழத்தையும் மாற்ற வழி இருக்கிறது. இந்தப் பாகங்களைச் செய்கிறவர்களே சுவரையும் தரையையும் நம்பவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கீலில் நகர்த்தக் கிடைப்பதும் ஓரிரு மில்லிமீட்டர்தான். பெட்டி தூக்கில் நின்றபிறகு கடைசியாகக் கதவுகளை ஒழுங்குபடுத்த அது உதவும். முறுகிய பெட்டியின் பாவத்தை அது கழுவாது.

அடுத்து சிலிகான். நல்ல பொருள்தான், நானும் வாங்குகிறேன். மேடைக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு நூல் சந்தில் தண்ணீர் இறங்காமல் காக்கும். அரை அங்குலப் பிளவில், பின்னால் தாங்க ஒன்றுமில்லாத இடத்தில் பிதுக்கினால் தொங்கும்; சில மாதத்தில் ஓரம் விடும். தாளிக்கிற எண்ணெய்ப்புகை அதில் படிந்து மஞ்சளாகி, தூசி ஒட்டி, சிங்க் பக்கம் கறுத்துப் பூசணமும் பிடிக்கும். ஓரம் விட்ட சந்தில் கரப்பான் குடும்பம் நடத்தும். பீடிங் இதைவிட மோசம். நேரான பீடிங்கை வளைந்த சுவரில் ஒட்டினால், பெட்டிக்குப் பின்னால் இருந்த அதே பிளவு பீடிங்குக்குப் பின்னால் வந்து நிற்கிறது. சிலர் ஒயிட் சிமென்ட் வைத்து அடைக்கிறார்கள். சுவர் ஈரம் அதன் வழியாகப் பலகை ஓரத்துக்கு இறங்கினால் ஓரம் உப்பும். பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து மரைன் பிளை வாங்கியவர்கள்கூட, ஓரத்தில் செருகும் சாதாரணத் துண்டை இப்படி உப்பவிட்டுத் தவிக்கிறார்கள்.

முறையான வேலை எது என்று அவர் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். முதலில் அளவு எடுப்பது. சுவரைத் தரையருகே, மேடை உயரத்தில், பெட்டியின் தலைமட்டத்தில் என மூன்று உயரத்தில் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக வராது. குறைந்த அளவுக்குத்தான் பெட்டி செய்ய வேண்டும். ‘ட’ வடிவச் சமையலறை என்றால் மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடி, மறு சுவரில் நாலடி குறித்துக் குறுக்கே அளந்தால் ஐந்தடி வர வேண்டும். வராவிட்டால் மூலை விரிந்திருக்கிறது அல்லது குவிந்திருக்கிறது. இதை அறையில் கண்டுபிடித்தால் பென்சிலால் திருத்தலாம். பெட்டி வந்தபிறகு கண்டுபிடித்தால் ரம்பத்தால்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது தரை. லேசரோ, பழைய டியூப் லெவலோ, ஏதோ ஒன்றைப் பிடித்துத் தரையில் எந்த இடம் அதிக மேடு என்று பார்க்க வேண்டும். அந்த மேட்டில் முதல் பெட்டியை வைத்து, அதன் தலைமட்டத்துக்கு மற்ற பெட்டிகளின் காலை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். பள்ளத்தில் தொடங்கியவன் மேட்டுக்கு வரும்போது காலை எவ்வளவு இறக்கியும் மட்டம் கிடைக்காமல் முழிப்பான். கல் எடையில் பெட்டி அமுங்கி மட்டமாகிவிடும் என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்து நான் அதிர்ந்தேன். 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. பத்தடி நீளம், இரண்டடி அகல மேடைக்கு 100 கிலோ. இவ்வளவு எடை கீழே ஓர் இடத்தில் தாங்கலும் இன்னோர் இடத்தில் வெற்றிடமுமாக உட்கார்ந்தால், சிங்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய இடத்தின் முன்னால் மிஞ்சுகிற அந்த ஒல்லியான பட்டையில்தான் விரிசல் விடும். ஒருமுறை விரிந்த கல்லை ஒட்டலாம், மறைக்க முடியாது.

மேல் பெட்டிக்குச் சுவரின் அதிக மேடான இடம்தான் தொடக்கம். அங்கே பெட்டி சுவரைத் தொடும். மற்ற இடங்களில் ரசமட்டம் காட்டுகிறபடி பேக்கிங் வைக்க வேண்டும். பேக்கிங் திருகு போகிற இடத்திலேயே இருக்க வேண்டும், பக்கத்தில் இல்லை. திருகு பூச்சில் நிற்கக் கூடாது. பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். இடைவெளி அதிகமுள்ள இடத்தில் பேக்கிங் இல்லாமல் போட்ட திருகின் மேல்தான் பருப்பு டப்பாவும் குக்கரும் மிக்ஸி ஜாரும் தொங்கப்போகின்றன. வெற்றிடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகு அந்த எடையில் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். கீழே நின்று சமைப்பவர் ஒரு மனுஷி.

கடைசியாகச் சுவர் ஓரம். ஓரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே வேண்டுமென்றே ஒன்றரை இரண்டு அங்குலம் விட்டு, அங்கே ஃபில்லர் பலகை வைப்பார்கள். ஃபில்லரைத் தூக்கில் நிறுத்தி, கவராயத்தின் ஒரு காலைச் சுவரில் வைத்து, மறு காலில் பென்சிலைக் கட்டி மேலிருந்து கீழே இழுத்தால் சுவரின் மேடு பள்ளம் அப்படியே பலகையில் கோடாக விழும். அந்தக் கோட்டில் அறுத்து இழைப்புளியால் தேய்த்து வைத்தால், பலகை சுவரோடு தாள் நுழையாமல் சேரும். இதற்கு ஒரு ஃபில்லருக்கு அரைமணி, முக்கால்மணி ஆகும். கட்டுரையாளர் வெட்டி வேலை என்று எழுதியிருப்பது இதைத்தான். இந்த ஒரு வேலையைப் பார்த்தே வந்திருப்பவர் ஆசாரியா, வெறும் டிரில் பிடிப்பவரா என்று நான் சொல்லிவிடுவேன்.

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் ஒட்டுமுன்பே சமையலறைச் சுவரை மட்டும் மட்டப்பலகை பிடித்துத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அது நல்லது. குடியிருக்கும் வீட்டில் சுவரைக் கொத்திப் பூசுவது அவசியமில்லை.

ஒரே நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அளவெடுக்கும் நேரம், பேக்கிங் வைக்கும் நேரம், ஃபில்லர் இழைக்கும் நேரம், இவை மூன்றையும் கழித்தால் ஒரு நாள் வரும். கழித்த நேரத்தின் கூலி கம்பெனிக்கு மிச்சம். அதன் பலன் ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் தலையில் விழும். அப்போது குறை கீலின் மேல் போகும், பிளைவுட்டின் மேல் போகும், சுவர் கட்டிய கொத்தனார் மேல் போகும். ஒரு நாளில் மாட்டச் சொல்லி ஆளை அனுப்பியவர் மேல் மட்டும் போகாது. இயந்திரத்தை நான் எதிர்க்கவில்லை. என் கையால் அறுத்ததைவிட அது சுத்தமாக அறுக்கிறது. ஆனால் இயந்திரம் தொழிற்சாலையில் நிற்கிறது, சுவர் வீட்டில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆசாரி ரசமட்டத்தோடு நின்றே ஆக வேண்டும். அவர் கேட்கும் இரண்டு நாள் கூலியைச் சாக்கு என்று அச்சில் எழுதியது அநியாயம். அதைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பெட்டிகள் மாட்டி முடிந்ததும், ஷட்டர் போடும் முன், ஒவ்வொரு பெட்டியின் முன்வாயிலும் டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஒன்று விலகி நின்றாலோ மற்றதை அழுத்தினாலோ பெட்டி முறுகியிருக்கிறது. சரிசெய்து கொடுக்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.