நல்லெண்ணம் மட்டும் போதுமா?



நம் பிள்ளைகள் மதுவுக்கும் போதைக்கும் அடிமையாகாமல் தடுக்க முகாம்கள் நடத்துகிறோம். முடிவில், "பயனாக இருந்ததா?" என வினவுகிறோம். "மிகவும் பயனாக இருந்தது" என்று விடை வருகிறது. மனநிறைவுடன் இல்லம் திரும்புகிறோம். இந்த மனநிறைவு சான்றாகுமா?

1939-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்னும் நகர்களில், சிறுவர் குற்றவழியில் செல்லாமல் தடுக்க ஒரு பெருமுயற்சி தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர். 506 சிறுவரைப் பலவகையிலும் ஒத்த இருவர் இருவராக இணைத்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவனை நாணயம் சுண்டித் தெரிந்தெடுத்தனர். அவ்வாறு தேர்ந்த 253 பேரின் இல்லங்களுக்கு ஆலோசகர்கள் சராசரியாக ஐந்தாண்டுகள் சென்றுவந்தனர். பலருக்குப் பாடம் கற்பித்தனர். மருத்துவ உதவி அளித்தனர். சிலரைக் கோடை முகாம்களுக்கு அனுப்பினர். மற்ற 253 பேருக்கு இவ்வுதவி இல்லை.

முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஜோன் மெக்கார்டு அம்மையார் அவர்களைத் தேடிக் கண்டறிந்து, 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்று விடையளித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர், அது தமக்கு நன்மை செய்ததாகவே கூறினர். பதிவேடுகளோ வேறு கூறின. மீண்டும் குற்றம் புரிந்தோர், குடிநோயின் அறிகுறி உடையோர், கடும் மனநோயுற்றோர் ஆகியோர் உதவி பெற்றவரிடையே மிகுந்திருந்தனர். இறந்தோரிலும் அவர்களே இளவயதில் இறந்திருந்தனர். உதவி பெறாத அந்த 253 பேர் ஒப்புநோக்க இல்லாதிருந்தால், இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்!

ஆகவே, ஒரு தடுப்புத் திட்டம் சான்றுடையதா என அறிய நான்கு கேள்விகள் கேட்போம். ஒத்த நிலையிலுள்ள இரு குழுக்களைப் பிரித்து ஒப்புநோக்கினரா? கருத்தை மட்டுமன்றி நடத்தையையும் அளந்தனரா? முகாம் முடிந்து நெடுநாள் கழித்தும் ஆராய்ந்தனரா? வேறோரிடத்திலும் அதே பயன் கிட்டியதா? 2004-இல் அமெரிக்கத் தடுப்பு ஆராய்ச்சிச் சங்கம் வகுத்த அளவுகோல்களும், செம்மையான ஆய்வுகள் குறைந்தது இரண்டாவது வேண்டும் என்றே வலியுறுத்தின.

நாமும் முகாம்களில் எழும் கைதட்டலை எண்ணி மகிழ்ந்ததுண்டு. அந்த இளைஞர்கள் இன்று எவ்வாறு வாழ்கின்றனர் என்று தேடிச் சென்றதில்லை. இதை வெட்கத்துடன் எழுதுகிறோம். சான்று கேட்பது தொண்டரின் அன்பை ஐயுறுவதாகாது. மருந்தைச் சோதியாமல் எந்தத் தாயும் தன் குழந்தைக்கு ஊட்டமாட்டாள். அடுத்த முகாமுக்கு நாள் குறிக்குமுன், இந்நான்கு கேள்விகளையும் பெற்றோரே எழுப்புங்கள்.