மலை மேல ஒரு மினி கடல்: ஜவ்வாதில் பவளத் தொட்டி வைக்க முடியுமா, வைக்கலாமா?

மேசை மேல ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல விளக்கு, அசைந்தாடும் பவளங்கள், நடுவில் ஒரு 'நீமோ' மீன். இப்படி ஒரு ரீல் கண்ணில் படாமல் இன்ஸ்டாகிராமைக் கடப்பது கஷ்டம். 'ஃபில்டர் வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம், வாரம் ஒரு தடவை தண்ணீர் மாத்தினா போதும்' என்கிறார்கள். ஜமுனாமரத்தூரிலோ காவலூரிலோ இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா? கடல் 100 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறதே!

அறிவியல் ரீதியாக முடியும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை இறக்கக் கூடாது.

'லோ-டெக்' முறை என்றால் என்ன?

இது புதுசு இல்லை. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் 1960-களின் தொடக்கத்திலேயே இந்த முறையை எழுதி உலகுக்குச் சொன்னார். கடலில் இருந்து எடுத்த பாறை, சூரிய வெளிச்சம், காற்றுக் குமிழி. அவ்வளவுதான் அவருடைய கருவிகள். பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியாக்களே ஃபில்டர் வேலையைப் பார்க்கின்றன. மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தச் சுழற்சி நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் மீனை விட்டால் செத்துப்போகும்.

கடல் தண்ணீருக்கு எங்கே போவது?

வீட்டிலேயே கலக்கலாம். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த அக்வேரியம் கடல் உப்புதான் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 40 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ 1.4 கிலோ. போர்வெல் தண்ணீரில் கரைந்திருப்பவை பாசியைக் கிளப்பிவிடும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீரே நல்லது.

சின்னத் தொட்டிதானே, ஈஸி இல்லையா?

உல்டா! தொட்டி சின்னதாக ஆக ஆகத் தப்பு செய்ய இடம் குறைகிறது. 40 லிட்டரில் 2 லிட்டர் ஆவியானால், தண்ணீர்தான் போகும். உப்பு அப்படியே நிற்கும். லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது சுமார் 36.8 ஆகிவிடும். அதனால் ஆவியான அளவுக்கு தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. வாரம் 10 சதவீதம், அதாவது 4 லிட்டர், புது உப்புத் தண்ணீராக மாற்ற வேண்டும்.

வெப்பநிலை விஷயத்தில் மலைக்கு ஒரு பிளஸ், ஒரு மைனஸ். தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வரை வசதி. கோடையில் சென்னை வீட்டில் இதைக் காக்க, செலவு பிடிக்கும் சில்லர் தேவைப்படலாம். சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரில் அந்தத் தொல்லை குறைவு; ஆனால் குளிர்கால இரவில் ஹீட்டர் வேண்டும். கரன்ட் போனால் ஆக்சிஜன் குறையும் என்பதால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கட்டாயம்.

சரி, பவளம் வாங்கிடலாமா?

இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை, அது விலங்கு. பவளப் பாறைகளை உருவாக்கும் கல் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் அதே பாதுகாப்பு. 2022-ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, இந்த அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது ரூ.25,000 அபராதமும் விதிக்கப்படலாம்.

'இது இறக்குமதி சரக்கு, பண்ணையில் வளர்த்தது' என்று வாட்ஸ்அப் குரூப்பில் விற்பவர் சொல்லலாம். கல் பவளங்கள் சர்வதேச 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டிலும் வருகின்றன. அனுமதி ஆவணம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. வாய் வார்த்தை உங்களைக் காப்பாற்றாது. 'லைவ் ராக்' என்று விற்கப்படுவதும் பல நேரம் பவளத்தின் எலும்புக்கூடுதான். செத்த பவளம் என்றாலும் சிக்கல் சிக்கல்தான்.

ஒரு துண்டுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் புரியும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்கே சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் கடலில் மூழ்கின.

இப்போது வெப்பமும் சேர்ந்துகொண்டது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால், பவளம் தன் உடலுக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துவிடும். உலகளவில் நான்காவது பெரும் பவள வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் 'நோவா' அமைப்பு அறிவித்தது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2000-களில் இருந்தே பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு, சிதைந்த இடங்களை மீட்க முயன்று வருகிறது. ஒரு பக்கம் கை கையாக நடுகிறார்கள். இன்னொரு பக்கம் அதை உடைத்து விற்றால் என்ன மிஞ்சும்?

அப்போ என்னதான் செய்வது?

* பாறைக்குப் பதில் துளையுள்ள செராமிக் கற்கள் போதும். பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது.
* நீமோ மீனை (கிளவுன் ஃபிஷ்) குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் தொழில்நுட்பம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, பண்ணையில் வளர்ந்த மீனைக் கேட்டு, பில்லுடன் வாங்குங்கள்.
* எந்த உயிரினம் பற்றியும் சந்தேகம் என்றால், வாங்குவதற்கு முன் வனத்துறையிடம் கேளுங்கள்.
* உப்புத் தொட்டி முதல்முறை என்றால், மீன் இல்லாமலே ஒரு மாதம் உப்பளவைச் சரியாகப் பிடித்துப் பாருங்கள். அது முடிந்தால் மற்றதும் முடியும்.

பவளத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால், பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவுக்கு வனத்துறை சூழல் சுற்றுலா நடத்துகிறது. மலையில் இருந்து ஒரு நீண்ட பயணம்தான். ஆனால் அங்கே இருக்கும் தொட்டிக்கு உப்பு அளக்க வேண்டியதில்லை.